மூக்காயிக்கு முன்னால் பதினோரு நாய்கள்

நெடுமட்டத்து போஸ்ட் ஆபீஸில் போஸ்ட்மாஸ்டராக இருந்த ஜெசிந்தா, புதுத் துப்பாக்கி வாங்க வழியில்லாமல் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கினாள், அதிலிருந்துதான் செத்தவை எங்கள் ஊருக்குத் திரும்பி வர ஆரம்பித்தன.

அவளுக்கு முப்பத்துநாலு வயது. காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது குப்புறப் படுத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் கருப்பு வட்டத்தைச் சுட்டவள். அந்த அரை மூச்சு நேரத்தில் மனதுக்குள் விழும் அமைதி அதற்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை, சர்ச்சில் முழங்கால் போட்டாலும் கிடைக்கவில்லை என்று சொல்லித்தான் எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தாள். கிளப் என்றால் கைவிட்ட கல்குவாரி, அதன் கடைசியில் லாரி லாரியாகக் கொட்டி எழுப்பிய மணல்மேடு, ஒரு தகரக் கூரை, செயலாளராக ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் தருமலிங்கம், அவ்வளவுதான். கிளப்பின் ஒரே துப்பாக்கிக்கு ஆறு பேர் வரிசையில் நிற்பார்கள், தன் முறை வருவதற்குள் மலையில் பனி இறங்கிவிடும். லைசென்ஸுக்குப் பதினாலு மாதம் அலைந்து, கையில் வாங்கிக்கொண்டு, அவள் சமவெளிக்கு இறங்கி ஓர் ஆயுதக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்து துணியை விலக்கினார்.

"புதுசெல்லாம் உங்களுக்குக் கட்டுப்படியாகாதும்மா. இது பாயின்ட் டூ டூ, தோட்டாவும் மலிவு. உங்க மலையிலதான் ஒரு எஸ்டேட் துரை வச்சிருந்தாரு. அவரு போயி மூணு வருஷமாச்சு, மக வெளிநாட்டுல. வித்துருங்கன்னு குடுத்துட்டுப் போயிருச்சு."

"குழல் தேஞ்சிருக்கா?"

"நிறைய வேலை பாத்த துப்பாக்கி. ஆனா குறி தப்பாது."

ஜெசிந்தா போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள், எண்ணெயில் வழுக்கிக்கொண்டு வந்தது. கட்டையில் இன்னொருவருடைய கன்னம் வருஷக்கணக்காகப் பதிந்து பள்ளமாகிக் கிடந்த இடத்தில் தன் கன்னத்தை வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நாங்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, அவள் படுத்துக்கொண்டு முதல் தோட்டாவைச் சுட்டாள். கருப்பு வட்டத்தின் இடது ஓரத்தில் ஓட்டை விழுந்தது, விழுந்த கையோடு மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு காட்டுப்பன்றி எழுந்து வந்து, உடம்பை உதறி மண்ணைத் தட்டிவிட்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உண்ணிச்செடிப் புதருக்குள் நடந்து போனது. படுத்துக் கிடந்த பன்றி சத்தத்தில் எழுந்துவிட்டது என்று நினைத்தோம். இரண்டாவது தோட்டா வட்டத்துக்கு வெளியே போனது, ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வட்டத்துக்குள் விழுந்தது, ஒரு முயல் வந்தது. மத்தியானத்துக்குள் ஒரு பன்றி, ஒரு முயல், மூன்று காட்டுக்கோழி, ஒரு குரங்கு. சுபேதார் மேட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார், வளை இல்லை, பொந்து இல்லை, மண் மட்டும் அடுப்பங்கரை மாதிரி கதகதப்பாக இருந்தது. திரும்பி வந்து, காற்று மேற்கே அடிக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்:

"நீ வட்டத்துக்குள்ள போடுறது அந்தப் பக்கம் உசுரா எந்திரிக்குதும்மா. கையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடி, இடது பக்கம் இழுக்குது."

அடுத்த ஞாயிறு முப்பது பேர் வந்தோம், அதற்கடுத்த ஞாயிறு முந்நூறு பேர். வலையும் அரிவாளும் கோணிச்சாக்குமாக மேட்டின் இரண்டு பக்கமும் நின்றோம், ஜெசிந்தா சுடச்சுட வந்ததையெல்லாம் பிடித்தோம், மசாலா அரைத்து வைத்துவிட்டுத்தான் பெண்கள் குவாரிக்கு வந்தார்கள், டீக்கடைக்காரர் கடையைத் தூக்கிக் குவாரி வாசலிலேயே போட்டார். வேட்டையாடினால் கேஸ் போட வேண்டிய வனக்காவலர் ஒருவர் ஒரு நாள் வந்து நின்றார், காட்டிலிருந்து பிடிப்பதைத் தடுக்கத்தான் தன்னிடம் சட்டம் இருக்கிறது, மண்ணிலிருந்து வருவதற்கு இல்லை என்று யோசித்துச் சொல்லிவிட்டு, ஒரு தொடைக்கறியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனார். அந்தக் கறிக்கு உப்பு ஏறாது. எவ்வளவு போட்டாலும் ஏறாது, கல்லுப்பை நாக்கில் வைத்துக்கொண்டுதான் தின்ன வேண்டும். தின்றோம்.

நோய் மாதிரி ஆசையும் பரவியது. கொன்றதுதான் செத்ததைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. லாரி மோதி மகனை இழந்த ஒருவர், அந்த லாரியை ஓட்டிக்கொண்டு வந்து வட்டம் வரைந்த காகிதத்தில் இடித்தால் பையன் வருவானா என்று கேட்டார். யானை மிதித்துப் புருஷனை இழந்த ஒருத்தி, அந்த யானை இன்னும் பள்ளத்தில்தான் நிற்கிறது, அதைக் கூட்டிவர ஒரு வழி சொல்லுங்கள் என்று போஸ்ட் ஆபீஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெசிந்தா ஸ்டாம்பைக் குத்திக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நான் மாநிலப் போட்டிக்குப் பழகுறேன், அவ்வளவுதான்" என்று சொன்னாள். உண்மையும் அதுதான். அவள் எண்ணிக்கொண்டிருந்தது வட்டங்களைத்தான்.

என்ன வருகிறது, எந்த வரிசையில் வருகிறது என்பது ஒரு நாயால் தெரிந்தது. ஐந்தாவது ஞாயிறு ஒரு கிழட்டுச் சீமை நாய் மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்து, முந்நூறு பேர் கூட்டத்துக்குள் புகுந்து, கடைசியில் நின்றுகொண்டிருந்த கொளந்தவேலுவின் காலடியில் போய் வாலை ஆட்டியது.

"பிங்கோ" என்றார் கொளந்தவேலு.

கொளந்தவேலுவுக்கு எழுபது தாண்டியிருந்தது. மேலத்தோட்டத்து பங்களாவில் துரைக்குப் பின்னால் தோட்டாப் பெட்டி சுமந்து, துரை சுட்டு வீழ்த்தியதையெல்லாம் தோளில் தூக்கி வந்து ஆயுசைக் கழித்தவர். பிங்கோ துரையின் சொந்த நாய். கண் போன பிறகு துரையே இந்தத் துப்பாக்கியால் சுட்டார், கொளந்தவேலுதான் புதைத்தார். அவர் அதை அங்கேயே எங்களிடம் சொன்னார். அப்போதுதான் உறுதியாகப் புரிந்தது: அந்தத் துப்பாக்கி கொன்றது மட்டும் வருகிறது, கடைசியாக விழுந்தது முதலில் வருகிறது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் வருஷம் பின்னால் போகிறது.

மறுநாள் காலை போஸ்ட் ஆபீஸ் திறக்கும்போது வாசலில் சங்கிலி நின்றான்.

சங்கிலிக்கு நாற்பத்தொரு வயது. தேயிலை ஃபாக்டரியில் கொதிகலனுக்கு விறகு போடுகிறவன், மூன்று பெண்களுக்குத் தகப்பன். அவன் அம்மா மூக்காயி, அவன் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது மேலத்தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள், துரையின் குண்டு பட்டுச் செத்தாள். தேயிலைக்குள் பன்றி மேய்ந்தது, துரை பன்றியைச் சுட்டார், குறுக்கே வந்துவிட்டாள் என்று தீர்ப்பானது. பன்றியைப் பார்த்ததாக சாட்சி சொன்னவர் கொளந்தவேலு. இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் நாற்பது வருஷம் அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"போஸ்ட்டம்மா, எங்கம்மா இந்தத் துப்பாக்கியிலதான் போச்சு" என்றான் சங்கிலி.

ஜெசிந்தா சாவியைப் பூட்டில் வைத்தவள் திருப்பாமல் நின்றாள்.

"எனக்கு மொகம் தெரியாது. ஒரு போட்டோகூட இல்ல. சுடுறதை நிறுத்திறாதீங்க."

அன்று மத்தியானம் இரண்டு பேருமாகக் கொளந்தவேலுவின் வீட்டுக்குப் போனார்கள். பிங்கோ வாசலில் படுத்திருந்தது. பெரியவர் முதலில், "துரைகிட்ட ரெண்டு துப்பாக்கி இருந்துச்சு, அது வேறப்பா" என்றார்.

"பெரியப்பா, கோர்ட்டுல நீங்க சொன்னதை நான் இப்பக் கேக்கல" என்றான் சங்கிலி. "துப்பாக்கி எதுன்னு மட்டும் சொல்லுங்க."

கொளந்தவேலு நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான்" என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார்: "ஆனா வேணாம்ப்பா. அவ போன அடுத்த மாசம் தோட்டத்துல வெறிநாய் வந்துச்சு. ஒண்ணு கடிச்சு ஒண்ணுன்னு பதினோரு நாய். எல்லாத்தையும் இதாலதான் சுட்டாரு. அதுங்க பதினொண்ணும் வந்த பொறகுதான் அவ வருவா."

ஊர் கூடியது. பன்றி வந்தபோது வலையோடு ஓடியவர்கள் நாங்கள்தான், வெறிநாய் என்றதும் குவாரிக்குப் பூட்டுப் போடச் சொன்னவர்களும் நாங்கள்தான். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்றோம், ஆடு மாடு இருக்கிறது என்றோம், நாற்பது வருஷமாகச் செத்துக் கிடப்பவள் இன்னும் கொஞ்சம் கிடந்தால் என்ன என்று ஒருவர் சொல்லியும் விட்டார், யாரும் அவரை அடக்கவில்லை. சங்கிலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தான்.

"மேட்டுக்குப் பின்னால தகரம் அடிச்சு அடைச்சிருங்க. உள்ள நான் நிக்கிறேன். எதுவும் வெளிய வராது."

"கிளப் துப்பாக்கி இருக்கே, அதுல சுட்டுப்புடலாமே" என்றது ஒரு குரல்.

"தகரத்துக்குள்ள அவன் நிக்கையிலயா?" என்றார் சுபேதார். "ஜெசிந்தாவோட துப்பாக்கியைச் சொல்லவே வேணாம், அதுல விழுந்தா மறுபடி வரிசையில வந்து நிக்கும். தடிதான்."

சங்கிலி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நாய்க்கடி ஊசி கேட்டான். நர்ஸ், "எப்பக் கடிச்சுது?" என்று கேட்டாள். "இனிமேத்தான்" என்றான். மூன்று வாரத்தில் மூன்று ஊசி போட்டுக்கொண்டான். அந்த மூன்று வாரமும் ஜெசிந்தா இடையில் கிடந்த மிளா மானையும் கேளையாட்டையும் குரங்குகளையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தாள். இப்போது யாரும் வலை கொண்டுவரவில்லை. அவை எழுந்து, நின்று, போயின. கொளந்தவேலு ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, இனி வருவது நாய்கள்தான் என்று ஒரு நாள் சொன்னார்.

நாய்களின் ஞாயிறு வெயிலாக விடிந்தது. நான்கு பக்கமும் தகரம் அடித்த அடைப்புக்குள் சங்கிலி கை கால்களில் கோணிச்சாக்கு சுற்றிக்கொண்டு, உலக்கை கனமுள்ள தடியோடு இறங்கினான். அவன் இறங்கியதும் கொளந்தவேலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தானும் ஏணியில் கால் வைத்தார். கையில் நுனியில் சுருக்குப் போட்ட மூங்கில் கம்பு.

"நீங்க எங்க பெரியப்பா?"

"அன்னைக்குச் சுருக்குப் போட்டுப் பிடிச்சவன் நான்தான். எது எப்படித் தாவும்னு எனக்குத் தெரியும்" என்றார், இறங்கிவிட்டார். ஊசி போடாதவர் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியும் சொல்லாதவர்கள் இருந்திருக்கலாம்.

ஜெசிந்தா படுத்தாள். முதல் தோட்டா கருப்பில் விழுந்ததும் தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு உறுமல் கேட்டது, பிறகு நகங்கள் தகரத்தைக் கிழிக்கிற ஓசை, பிறகு தடி விழுகிற ஓசை, பிறகு சங்கிலியின் குரல், "அடுத்தது". இப்படியே ஒன்று, இரண்டு, மூன்று. நாங்கள் எதையும் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டே நின்றோம், குழந்தைகளின் காதைப் பொத்திக்கொண்டோம், ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஏழாவது, குட்டி போட்டுப் பால் கட்டிய பெட்டை என்று பிறகு சங்கிலி சொன்னான், அதற்கு மட்டும் நான்கு அடி வேண்டியிருந்ததாம். எட்டாவதற்கு ஜெசிந்தா சுட்ட தோட்டா வட்டத்தைத் தாண்டிப் போனது. அவள் நெற்றியைக் கட்டையில் வைத்துக்கொண்டு அழுதாள். சுபேதார் குனிந்து, "மூச்சை விடு. பாதி விடு. இப்ப" என்றார். சுட்டாள்.

பதினொன்றாவதற்குப் பிறகு இரண்டு பேரும் ஏணியில் ஏறி வந்தார்கள். சங்கிலியின் உடம்பெல்லாம் ரத்தம், அவனுடையதும் நாய்களுடையதும் பிரித்துச் சொல்ல முடியாதபடி. கொளந்தவேலு வலது கையைத் துண்டில் சுற்றியிருந்தார்.

"கடிச்சிருச்சா பெரியப்பா?"

"தகரம் கிழிச்சது."

அடுத்த ஞாயிறு அந்த அடைப்பைப் பிரித்து எடுத்துவிட்டு, மேட்டைச் சுற்றித் தண்ணீர் தெளித்து வைத்தோம். சங்கிலி வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். மனைவியும் மூன்று பெண்களும் புதுச்சேலையோடு நின்றார்கள். ஜெசிந்தா அன்று ஒரே ஒரு தோட்டாதான் சுட்டாள், அது வட்டத்தின் நட்டநடுவில் போய் விழுந்தது, அவள் ஆயுளில் அப்படி ஒரு குறி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மூக்காயி மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இருபத்துமூன்று வயதுப் பெண். நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் கூடை, கூடை நிறையக் கொழுந்து, கிள்ளின பச்சை வாடாமல். ரவிக்கையில் இடது பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் காயம் இல்லை. மார்புத்துணி முழுக்க பால் நனைந்திருந்தது. இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் பதறி, "கொழுந்து எடை போட்டாச்சா? நேரமாயிருச்சா?" என்று கேட்டாள்.

சங்கிலி நாலு எட்டு முன்னால் போனான். என்ன சொல்ல வேண்டும் என்று வாரக்கணக்கில் கொதிகலன் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தவன், கடைசியில் ஒரே ஒரு சொல்தான் சொன்னான்.

"அம்மா."

"சொல்லுங்கய்யா" என்றாள் மூக்காயி, பெரிய மனுஷன் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பதுபோல் நின்று. "வழி விடுங்கய்யா, புள்ளைக்குப் பால் குடுக்கணும். காலையில குடுத்தது."

"நான்தாம்மா சங்கிலி."

"அப்படிங்களா. எம் புள்ளைக்கும் அதான் பேரு. எங்க கொலசாமி பேரு."

சங்கிலி சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினான். காசு அகலத்துக்குச் சிவப்பு மச்சம். அவள் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எம் புள்ளைக்கும் அங்கதான்யா" என்றாள், "அதே எடத்துல. பசியில அழுதுட்டு இருக்கும்யா."

அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, கடைசியாக என்ன நினைவிருக்கிறது என்று சுபேதார் கேட்டார். அவள் தயக்கமில்லாமல் சொன்னாள். தொழிலாளர் லைன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்றித் தாருங்கள் என்று முந்தாநாள் நாலு பெண்களாக பங்களாவுக்குப் போனது, தான்தான் சத்தமாகப் பேசியது, இன்று காலை ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் கிள்ளிக்கொண்டிருந்தபோது துரை வந்து பாதையில் நின்றது.

"பன்னி ஏதும் மேஞ்சுச்சாம்மா?"

"பன்னியா? இல்லைங்க. துரை என்னை நல்லாப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் துப்பாக்கியத் தூக்கினாரு. கொளந்தவேலு அண்ணன் பக்கத்துலதான் நின்னாரு. வேணும்னா அவரைக் கேளுங்க. அவரு நல்ல மனுஷன், உள்ளதைச் சொல்லுவாரு."

முந்நூறு பேரும் திரும்பினோம். கொளந்தவேலு பிங்கோவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் பார்த்த பக்கம் மூக்காயியும் பார்த்தாள், ஒரு கிழவர் நிற்பதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பன்னின்னு சொன்னேன்" என்றார் கொளந்தவேலு. "பயந்துக்கிட்டுச் சொன்னேன்மா."

"யாருங்க இவரு?" என்று மூக்காயி எங்களிடம் கேட்டாள்.

எங்கள் ஊர் எதற்கும் பழகிவிடும், இதற்கும் பழகியது. போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனோம். இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாகத்தான் கேட்டார். சுட்டவர் யார் என்றார், துரை என்றோம், அவர் உயிரோடு இல்லையே என்றார். செத்தது யார் என்றார், "நான்தாங்கய்யா" என்றாள் மூக்காயி. "நீங்க உயிரோட இருக்கீங்களேம்மா" என்று இன்ஸ்பெக்டர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கப் போன இடத்தில், இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது, அப்படியிருக்கச் சேர்க்க முடியாது என்றார்கள். இரண்டு இடத்திலும் நாங்கள் பேசாமல் திரும்பினோம். மேலத்தோட்டத்தில் கொழுந்து கிள்ள ஆள் இல்லாமல் பாதிக் காடு முற்றிக் கிடந்ததால், சூப்பர்வைசர் மட்டும் எந்தக் காகிதமும் கேட்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டார். ஒன்பதாம் நம்பர் காட்டிலேயே வேலை கொடுத்தார். கை நல்ல வேகம் என்றார்.

அவள் சங்கிலி வீட்டில் இருந்தாள். அவனுடைய மூத்த மகளைவிட மூன்று வயதுதான் பெரியவள், அவள் சேலையையே உடுத்தினாள். சங்கிலி வீட்டுக்குள் வந்தால் எழுந்து நின்றாள், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை சாப்பிடமாட்டாள், இடம் கொடுத்த வீட்டுக்காரரிடம் இருக்கிற பணிவு. நாற்பது வருஷம் ஆகிவிட்டது என்று சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். புருஷன் குடித்துச் செத்தான் என்பதை நம்பினாள், ஒரு வாரம் அழுதாள். ஆனால் பிள்ளை விஷயத்தில் மட்டும் எந்தச் சொல்லும் அவளிடம் ஒட்டவில்லை. வேலை முடிந்ததும், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை இருந்த இடத்துக்குப் போவாள், அங்கே சுவர்கூட இல்லை, புல்தான். இடிந்த லைன் வீடு ஒவ்வொன்றாக நுழைந்து காது கொடுத்துக் கேட்பாள். பால் வற்றிவிடக் கூடாது என்று காலையும் சாயந்தரமும் ஒரு தேயிலைச் செடியின் தூரில் பீய்ச்சி விடுவாள், பிள்ளை கிடைக்கும்போது மார்பு காய்ந்து போயிருக்கக் கூடாது என்று. மூத்த மகள் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னாள். சங்கிலி அன்று ஃபாக்டரிக்குப் போகவில்லை.

ஆறாவது வாரம் கொளந்தவேலுவுக்குத் தொண்டை இறுகியது. தண்ணீர்ச் செம்பைப் பார்த்ததும் உடம்பு வெட்டி இழுத்தது. துண்டைப் பிரித்துப் பார்த்தோம், நாலு பல் இறங்கிய தழும்பு. டாக்டர் வெளியே வந்து கையை விரித்தார். கிட்டப் போக எல்லோரும் பயந்தபோது சங்கிலிதான் உள்ளே போய் உட்கார்ந்தான். ஊசி போட்டவன் அவன் ஒருவன்தானே.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஊசி போட்டிருக்கலாமே பெரியப்பா."

"அவ வர்றப்ப நான் இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார் கொளந்தவேலு. "இருந்துட்டேன்."

ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, மூக்காயிக்கு முன்னால் அந்தத் துப்பாக்கியில் செத்த மனுஷர் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். தெரியாது, எனக்கு முன்னால் துரைக்கு வேறு ஒருவன் பெட்டி தூக்கினான் என்றார். மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார். பிங்கோ அவருடைய கட்டிலுக்கு அடியிலேயே படுத்திருந்து, மூன்றாம் நாள் அதுவும் போனது. ஜெசிந்தா துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டாள். மாநிலப் போட்டிக்கு அவள் போகவில்லை. விரல் மடங்கவில்லை என்றாள். அந்தத் துப்பாக்கி இப்போதும் ஸ்டேஷன் அலமாரியில் இருக்கிறது, அதற்குள் யார் மிச்சம் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டு வருவாரும் இல்லை.

கொளந்தவேலுவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, மூக்காயி சங்கிலியின் முன்னால் வந்து நின்றாள். மார்புத்துணி காய்ந்திருந்தது.

"பால் வத்திப்போச்சுங்கய்யா" என்றாள். "நேத்தும் வரலை. இன்னைக்கும் வரலை."

சங்கிலி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தான்.

"எம் புள்ளை இனிமே இல்லைங்கய்யா. இருந்தா வத்தாது." அழாமல்தான் சொன்னாள். "ஒரு குழி வெட்டித் தருவீங்களா? எனக்குன்னு ஆம்பளை யாருமில்லை."

அவன் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சங்கிலி அவளைக் கையமர்த்திவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். கேள்விப்பட்டு நாங்களும் பின்னால் போனோம். ஒன்பதாம் நம்பர் காட்டின் ஓரத்தில், சில்வர் ஓக் மரத்தடியில், இங்கே என்று அவள் இடம் காட்டினாள்.

"எவ்வளவு நீளம்மா?" என்று கேட்டான் சங்கிலி.

அவள் இரண்டு கையையும் விரித்து, குறுக்கி, யோசித்து, இன்னும் கொஞ்சம் குறுக்கிக் காட்டினாள். அந்த அளவுக்கு அவன் வெட்டினான். மண் ஈரமாக இருந்தது, வேர் நிறைய, ஒவ்வொரு வேராகக் குனிந்து கையால் பிடுங்கினான். நாங்கள் ஒருவர்கூட மண்வெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. ஆழம் போதும் என்று அவள் சொன்னதும் நிறுத்தினான். முந்தானையில் முடிந்து வைத்திருந்த, பால் பட்டுக் காய்ந்து விறைத்துப்போன துணியை அவள் குழிக்குள் கிடத்தினாள், தலைமாடு கால்மாடு பார்த்துக் கிடத்தினாள், ஓரத்தை இழுத்துப் போர்த்திவிட்டாள். பிறகு குழியின் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே குனிந்து, தூங்குகிற குழந்தையை எழுப்புகிற குரலில் கூப்பிட்டாள்.

"சங்கிலி."

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

"ஏ சங்கிலி."

மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றவன் பதில் சொல்லவில்லை. அவள் எழுந்து விலகி, தள்ளுங்கய்யா என்றாள். அவன் மண்ணைத் தள்ளினான்.